மருந்துச் சீட்டும் மறுபார்வையும்

நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் காலை உணவு முடிந்ததும் தம் மருந்துப் பெட்டியைத் திறக்கிறார். இரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை, நீரிழிவுக்கு இரண்டு, மூட்டு வலிக்கு ஒன்று, அந்த மூட்டுவலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க மற்றொன்று, இரவில் உறக்கம் வர இன்னொன்று. இவற்றை எழுதிக் கொடுத்தவர் ஒரே மருத்துவர் அல்லர், மூவர். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருக்கலாம், பாராமலும் இருக்கலாம். ஒவ்வொரு மருந்தும் தனித்தனியே நல்ல மருந்துதான். ஆனால் அனைத்தையும் ஒரே மேசையின்மீது பரப்பி வைத்து, இவை ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா, இவற்றுள் இன்றும் தேவைப்படுவன எவை என்று பார்ப்பவர் யார்?

இது வீண் கேள்வியன்று. இரண்டு மருந்து உண்பவரிடம் ஒன்றோடொன்று மோதக்கூடிய இணை ஒன்றே. ஐந்து மருந்தானால் அத்தகைய இணைகள் 10. பத்து மருந்தானால் 45. கணக்குப் பயிலும் மாணவர்கள் தாளில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எல்லா இணைகளும் தீங்கு செய்வதில்லை. எனினும் எது செய்யும், எது செய்யாது என்று அறிந்த ஒருவர் இருந்தே தீரவேண்டும். அந்தக் கடமை மருந்தாளுநருக்கு உரியது என்று சட்டம் வாய் திறந்து சொல்வதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றையே இங்குச் சொல்ல முற்படுகிறேன்.

தொடக்கத்தை இத்தாலியின் தென்பகுதியில் காணலாம். அங்கே சிசிலி அரசை ஆண்டவர் இரண்டாம் ஃபிரெடரிக். அவருடைய சட்டத் தொகுப்பு 1231ஆம் ஆண்டு மெல்ஃபி நகரில் வெளியாயிற்று. பின்னர் 1240ஐ ஒட்டி மருத்துவம் பற்றிய விதிகள் சில அதனோடு சேர்க்கப்பட்டன. மருத்துவர் மருந்துக் கடை வைத்திருத்தல் கூடாது. மருந்துக் கடைக்காரரோடு வாணிபக் கூட்டுச் சேர்தலும் கூடாது. மருந்து செய்பவர் முறைப்படியே செய்வதாகச் சத்தியம் செய்து தரவேண்டும். மருந்தின் விலை சட்டத்துக்கு உட்பட்டது. பாக்தாத் போன்ற அரபு நகரங்களில் அதற்கு முன்பே தனி மருந்துக் கடைகள் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் எழுதுபவர் வேறு, கொடுப்பவர் வேறு என்பதை ஐரோப்பாவில் அரச ஆணையாக்கிய பெருமை இந்த விதிகளுக்கு உரியது.

மன்னர் எண்ணியது மோசடியைத் தடுப்பதே. மருத்துவரும் கடைக்காரரும் கைகோத்துக்கொண்டால் நோயாளியின் பணப்பை இளைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவர் எண்ணிய நன்மையோடு எண்ணாத நன்மையொன்றும் விளைந்தது. மருந்துச் சீட்டுக்கு இரண்டாவது வாசகர் ஒருவர் கிடைத்தார். எழுதியவர் கையிலிருந்து நேரே நோயாளியின் வாய்க்குப் போகாமல், மருந்து இன்னொருவர் கண் வழியே போக நேர்ந்தது.

இந்த ஏற்பாடு எங்கும் நிலைத்துவிடவில்லை. இங்கிலாந்தில் நடந்தது சுவையான கதை. லண்டன் மருந்து வணிகர்கள் மளிகை வணிகர் சங்கத்திலிருந்து பிரிந்து, 1617ஆம் ஆண்டு முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் தனிச் சாசனம் பெற்றனர். அப்போத்திகரி என்று அவர்களுக்குப் பெயர். மருத்துவர் எழுதியதைச் செய்து கொடுப்பதே அவர்கள் தொழில். ஆனால் மருத்துவருக்குக் கட்டணம் கொடுக்க முடியாத ஏழை எளியவர்கள் நேரே அவர்களிடமே சென்று நோயைச் சொல்லி மருந்து கேட்டனர். வில்லியம் ரோஸ் என்ற அப்போத்திகரி இறைச்சிக் கடைக்காரர் ஒருவருக்கு இவ்வாறு மருந்து கொடுத்தார் என்று மருத்துவர் கல்லூரி அவர்மீது வழக்குத் தொடுத்தது. வழக்குப் பிரபுக்கள் சபை வரை சென்று, 1704இல் ரோஸுக்குச் சாதகமாக முடிந்தது.

ஏழைகளுக்கு இத்தீர்ப்பு நன்மையே. ஆனால் அதில் ஒரு முள்ளும் இருந்தது. நெடுங்காலம் வரை அப்போத்திகரி தம் ஆலோசனைக்குக் கட்டணம் கேட்க முடியாது. கொடுத்த மருந்துக்கு மட்டுமே விலை கேட்கலாம். விளைவை ஊகிப்பது கடினமா? ஒரு புட்டியில் தீரும் நோய்க்கு நான்கு புட்டிகள் வந்தன. படுக்கைக்குப் போகும்போது ஒன்று, எழும்போது ஒன்று என்று அடுக்கின. இரண்டாவது வாசகராய் இருக்க வேண்டியவர் தாமே எழுதுபவராகிவிட்டார்; அவருடைய வருவாயோ மருந்தின் எண்ணிக்கையைச் சார்ந்து நின்றது. மருந்து மிகுவதற்கு நோயும் முதுமையும் மட்டுமே காரணம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்து மருந்துகளும் ஒற்றை மருந்துகளாக இருக்கவில்லை. தெரியாக் என்று ஒரு லேகியம் இருந்தது. ரோமப் பேரரசன் நீரோவின் மருத்துவர் ஆந்த்ரோமக்கஸ் வகுத்தது என்பர். அறுபதுக்கு மேற்பட்ட சரக்குகள் அதில் சேரும். விரியன் பாம்பின் இறைச்சியும் அவற்றுள் ஒன்று. எந்த நஞ்சுக்கும் அதுவே மாற்று என்று ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் நம்பினர். 1745இல் வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர் இத்தகைய கலவைகளைக் கண்டித்துச் சிறு நூலொன்று எழுதினார். அதன் பின்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றே, 1788இல் லண்டன் மருந்தியல் தொகுப்பிலிருந்து தெரியாக் நீங்கியது. ஒரு மருந்தைச் சேர்ப்பது எளிது; நீக்குவது அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்சி மாறுகிறது. அப்போத்திகரிகள் மெல்ல மெல்ல மருத்துவர்களாகவே ஆகிவிட, மருந்து கலக்கும் பணியைப் புதியதொரு வகுப்பார் மேற்கொண்டனர். 1841இல் ஜேக்கப் பெல் முதலியோர் முயற்சியால் லண்டனில் மருந்தாளுநர் சங்கம் தோன்றியது. தேர்வும் பயிற்சியும் வந்தன.

நம் நாட்டில் இப்பணி செய்தவரைக் கம்பவுண்டர் என்று அழைத்தோம். முதியவர்கள் பலருக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். டாக்டர் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். தடுப்புக்கு அப்பால் கம்பவுண்டர் கலவையைக் கலக்கிப் புட்டியில் ஊற்றி, வேளைக் கணக்குக்காகப் பற்கள் போல வெட்டிய காகிதத்தைப் புட்டியின் பக்கத்தில் ஒட்டித் தருவார். உள்ளே இருப்பது என்னவென்று நோயாளி கேட்பதில்லை, கம்பவுண்டரும் சொல்வதில்லை. 1930இல் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு இத்தொழிலுக்கு முறையான கல்வி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் மருந்தியல் படிப்பைத் தொடங்கி வைத்தார். 1948இல் மருந்தியல் சட்டம் பிறந்தது. இவற்றுக்குப் பின்னர் மீண்டும் வருவேன்.

இப்போது அமெரிக்காவுக்குச் செல்லவேண்டும். மருந்தாளுநரின் வாயைக் கட்டியதும், பின்பு அவிழ்த்ததும் அங்கே எழுத்தில் பதிந்து கிடக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருந்துகள் தொழிற்சாலையிலிருந்து மாத்திரையாகவே வரத் தொடங்கின. குழவியும் கல்வமும் ஓய்ந்தன. மருந்து செய்பவர் மருந்தை எண்ணிப் போடுபவராக மாறினார். அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் 1952இல் வெளியிட்ட ஒழுக்க விதிகளில் ஒன்று, சீட்டில் கண்ட மருந்தின் குணத்தையோ சேர்க்கையையோ மருந்தாளுநர் நோயாளியோடு பேசுதல் தகாது என்று கூறியது. நோயாளி கேட்டால் மருத்துவரைக் கேட்கும்படி சொல்லி அனுப்பவேண்டும். அந்நாளில் புட்டியின் மேல் மருந்தின் பெயரைக்கூட எழுதாமல் விடுவது வழக்கமாக இருந்தது. நான்கு ஆண்டுகள் மருந்தைப் பற்றியே கல்லூரியில் படித்த ஒருவர், மருந்தைப் பற்றி மட்டும் பேசக்கூடாது! அவர் கடையில் ஐஸ்கிரீம் விற்கலாம், சிகரெட்டும் விற்கலாம்.

வர்ஜீனியா மாநிலத்தில் பெர்ரிவில் என்ற சிற்றூரில் யூஜீன் வைட் என்பவர் அத்தகைய கடையொன்றை நடத்திவந்தார். சோடாவும் ஐஸ்கிரீமும் விற்கும் நீண்ட மேசை அங்கேயும் இருந்தது. 1960இல் அவர் அதை அகற்றினார். சிகரெட்டு, பொம்மை, வாசனைப் பொருள்கள் அனைத்தையும் அகற்றினார். கடை ஒரு வக்கீலின் அலுவலகம் போலாயிற்று. வந்தவர் உட்கார நாற்காலி, பேச மேசை. எல்லாவற்றிலும் மேலாக ஓர் அட்டை. குடும்பத்துக்கு ஓர் அட்டை வீதம் வைத்து, அதில் யார் யாருக்கு எந்த மருந்து எப்போது கொடுக்கப்பட்டது, யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பவற்றை எழுதிவைத்தார். புதிய சீட்டு வந்ததும் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்துப் பார்ப்பார். பின்னரே மருந்தைக் கொடுப்பார்.

இதில் என்ன புதுமை என்று கேட்கத் தோன்றும். அதுவரை மருந்தாளுநர் படித்தது ஒரு சீட்டை. வைட் படித்தது ஒரு மனிதரை. பல் மருத்துவர் எழுதியதும், இருதய மருத்துவர் எழுதியதும், நோயாளி தாமே வாங்கிய தலைவலி மாத்திரையும் ஒரே தாளில் முதன்முறையாக அருகருகே நின்றன. மருத்துவர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் இருக்கலாம். அவர்கள் எழுதிய மருந்துகள் அனைத்தும் வந்து சேரும் துறை மருந்துக் கடை ஒன்றே. இந்த எளிய உண்மையைத் தொழிலாக மாற்றியவர் அவர். ஊர் வழக்கத்தை மீறி, விற்பனையில் ஒரு பகுதியைத் தூக்கி எறிந்து, கடன்பட்ட கடைக்காரர் செய்யத் துணியாததை அவர் செய்தார் என்றே நான் கருதுகிறேன்.

அட்டை எதற்கு என்று ஐயுற்றவர்களுக்கு மூன்றே ஆண்டுகளில் விடை கிடைத்தது. அப்போது மனச்சோர்வு நோய்க்குப் புதிய மருந்து வகையொன்று பழக்கத்தில் இருந்தது. அதை உண்டவர்களுள் சிலருக்குத் திடீரென மண்டை பிளப்பது போன்ற தலைவலியும், அளவிறந்த இரத்தக் கொதிப்பும் வந்தன. சிலர் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தனர். காரணம் தெரியவில்லை. லண்டனில் பாரி பிளாக்வெல் என்ற இளம் மருத்துவர் இதைக் குறித்து 1963இல் லான்செட் இதழில் கடிதம் எழுதினார். அதைப் படித்த நாட்டிங்காம் நகரத்து மருந்தாளுநர் ஒருவர் அவருக்கு எழுதினார். தம் மனைவி இம்மருந்தை உண்பவர் என்றும், பாலாடைக்கட்டி தின்றபின் அவருக்கு இத்தகைய துன்பம் வந்தது என்றும், வெண்ணெயும் பாலும் அவ்வாறு செய்யவில்லை என்றும், பாலாடைக்கட்டியை விட்டபின் துன்பம் இல்லை என்றும் தெரிவித்தார். கேட்டவர்களுக்கு முதலில் இது வேடிக்கையாகவே பட்டது. பாலாடைக்கட்டியாவது, உயிரைப் பறிப்பதாவது!

ஆராய்ந்தபோது அந்த மருந்தாளுநர் சொன்னதே சரியாயிற்று. நாட்பட்ட பாலாடைக்கட்டியில் டைரமின் என்ற பொருள் உண்டு. நம் குடலிலும் ஈரலிலும் உள்ள ஒரு நொதி அதனை அழித்துவிடும். அந்த நொதியைத் தடுப்பதே இம்மருந்தின் வேலை. தடுத்த பின் டைரமின் அழியாமல் இரத்தத்தில் கலந்து, இரத்த அழுத்தத்தை விரைந்து ஏற்றிவிடுகிறது. ஆராய்ச்சிக் கூடத்தில் தோன்றாத ஐயம் வீட்டு உணவு மேசையில் தோன்றியது. தோன்றியது மருந்தின் தன்மையை அறிந்த ஒருவருக்கு. உணவே இவ்வாறு செய்யுமாயின் மற்றொரு மருந்து என்னதான் செய்யாது? மருந்துகள் ஒன்றையொன்று பாதிக்கும் முறைகளைத் தொகுத்து ஆராயும் முயற்சி இதன் பின்னர் வேகம் பெற்றது.

பிறகு நடந்தவை விரைந்து நடந்தன. 1966இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒன்பதாம் மாடியில், மருந்தாளுநர்களை நோயாளிகளின் அருகிலேயே இருத்தி வேலை செய்யச் சொன்னார்கள். 1969இல் அமெரிக்கச் சங்கம் தன் விதிகளைத் திருத்தியது. பேசக்கூடாது என்ற தடை மறைந்தது. 1974இல் முதியோர் மருத்துவ விடுதிகளில் ஒவ்வொருவருடைய மருந்துகளையும் மாதம் ஒருமுறை மருந்தாளுநர் ஆராய்ந்து பார்க்கவேண்டும் என்று அந்நாட்டு மத்திய அரசு விதித்தது. 1990இல் ஹெப்ளர், ஸ்டிராண்ட் என்ற இரு பேராசிரியர்கள், மருந்தைக் கையில் கொடுப்பதோடு மருந்தாளுநரின் பொறுப்பு முடிவதில்லை, அதன் பயனுக்கும் அவர் பொறுப்பாளர் என்று வாதிட்டு எழுதினர். அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டமொன்று, அரசு உதவியில் மருந்து பெறும் ஏழைகளுக்கு மருந்து கொடுக்குமுன் அவர்களுடைய மற்ற மருந்துகளையும் பார்த்து, அறிவுரை கூற முன்வரவும் வேண்டும் என்றது; 1993 சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பேசுதல் தகாது என்ற விதிக்கும் பேச முன்வர வேண்டும் என்ற சட்டத்துக்கும் இடையே நாற்பதாண்டுகள்கூட இல்லை.

இத்தகைய மறுபார்வையில் மருந்தாளுநர் தேடுவது என்ன? ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். ஒருவருக்கு இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் கொடுக்கிறார்கள். சிலருக்கு அதனால் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைக் கண்ட மற்றொரு மருத்துவர் நீரை இறக்கும் மாத்திரை எழுதுகிறார். அம்மாத்திரை இரத்தத்தில் யூரிக் அமிலத்தை ஏற்றிவிட, கால் பெருவிரல் மூட்டில் கீல்வாதம் வருகிறது. அதற்கு வலி மாத்திரை. வலி மாத்திரை இரத்தக் கொதிப்பை உயர்த்துகிறது. கொதிப்புக்கான மருந்தின் அளவு கூட்டப்படுகிறது! ஒவ்வொரு மருத்துவரும் தம் முன் நின்ற நோய்க்குச் சரியாகவே எழுதினார். ஆனால் முதல் மாத்திரையை மாற்றியிருந்தால் மற்றவை தேவைப்பட்டிரா. மருந்தின் தீங்கைப் புதிய நோயென மயங்கி மேலும் மருந்து சேர்க்கும் இந்தத் தொடருக்கு 1990களில் அறிஞர்கள் தனிப் பெயரிட்டனர். வரிசையைக் காலமுறையில் அடுக்கிப் பார்ப்பவர் கண்ணுக்கே அது புலப்படும்.

1980களில் அமெரிக்காவில், வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் பழுப்புக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு மருந்தாளுநரிடம் வாருங்கள் என்று முதியோரை அழைக்கும் வழக்கம் பரவியது. பையைக் கவிழ்த்தால் காலங்கடந்த மருந்தும், அண்டை வீட்டார் கொடுத்த மருந்தும், ஒரே மருந்து இரு பெயர்களிலும் வந்து விழும். ஆஸ்திரேலியா 2001இல் இன்னும் ஒருபடி மேலே சென்றது. மருத்துவர் வேண்டினால் மருந்தாளுநர் நோயாளியின் வீட்டுக்கே சென்று மருந்துகளை ஆராய்ந்து எழுதி அனுப்புவார். அதற்கு அரசு கட்டணம் கொடுக்கும். மருந்து விற்பதற்கன்றி, மருந்தைப் பற்றிச் சிந்திப்பதற்குக் கட்டணம்! பதினெட்டாம் நூற்றாண்டு அப்போத்திகரிக்கு மறுக்கப்பட்டது இதுவே அன்றோ?

கதை இங்கே வெற்றி முழக்கத்தோடு முடிந்துவிடும் என்று நேயர்கள் எதிர்பார்க்கலாம். உண்மை அவ்வளவு எளிதாக அடங்கவில்லை. இங்கிலாந்தில் நார்ஃபோக், சஃபோக் பகுதிகளில் முறையான ஆய்வொன்று நடத்தினர். அவசர நோயால் மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய, 80 வயதும் அதற்கு மேலும் ஆன 872 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு பகுதியினர் வீட்டுக்கு மருந்தாளுநர் இருமுறை சென்று மருந்துகளை ஆராய்ந்தார். மறு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பே. ஆறு மாதத்தில் மருத்துவமனைக்குத் திரும்பியவர் கணக்கு எடுத்தனர். மருந்தாளுநர் செல்லாத பகுதியில் 178 சேர்க்கைகள். சென்ற பகுதியில் 234! குறையும் என்று எண்ணியது கூடிவிட்டது. 2005இல் இம்முடிவு அச்சேறியபோது அத்துறையினர் திகைத்தனர். மருந்தை ஒழுங்காக உண்ணத் தொடங்கியதால் அதன் தீங்கும் கூடிற்றோ, ஆபத்து அறிகுறிகளை அறிந்துகொண்டதால் முன்கூட்டியே உதவி நாடினரோ என்றெல்லாம் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தனர்.

விரும்பாத முடிவை மறைக்காமல் வெளியிட்டதை நான் பெரிதும் மதிக்கிறேன். மறுபார்வையால் தேவையற்ற மருந்துகளும் பிழைகளும் குறைகின்றன என்பதைப் பின்வந்த ஆய்வுகள் பல காட்டின; மருத்துவமனைச் சேர்க்கையும் மரணமும் குறைகின்றன என்பதை அவ்வளவு உறுதியாகக் காட்ட முடியவில்லை. இங்கிலாந்து 2005 ஏப்ரலில் மருந்துக் கடைகளிலேயே இப்பணியைத் தொடங்கிற்று; தலைக்கு இவ்வளவு எனக் கட்டணமும் வைத்தது. 2021 மார்ச்சோடு அத்திட்டம் முடிவுக்கு வந்தது. அதற்குப் பதிலாக, 2020 முதல் மருந்தாளுநரைக் குடும்ப மருத்துவரின் இடத்திலேயே அமர்த்தி, நோயாளியின் முழு மருத்துவக் குறிப்பையும் அவர் கையில் கொடுக்கும் முறை வந்தது. கடையிலிருந்தவர் அறிந்தது மருந்தின் பெயரை மட்டுமே; எந்த நோய்க்கு, சிறுநீரகம் எந்நிலையில் உள்ளது என்பவை அவருக்குத் தெரியா. பாதிக் கண்ணால் பார்த்ததில் பாதிப் பயனே கிடைத்தது போலும். 2021 செப்டம்பரில் வெளியான அந்நாட்டு அரசு அறிக்கை, 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்வதில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மருந்தின் தீங்கால் நேர்கிறது என்று மதிப்பிட்டது. வேலை இன்னும் நிறையவே கிடக்கிறது.

நம் நாட்டைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்கவேண்டும் என்று விதித்தது. ஆனால் மருத்துவர் தம்முடைய நோயாளிகளுக்குத் தாமே மருந்து கொடுப்பதை விலக்கவில்லை. ஃபிரெடரிக் மன்னர் போட்ட வேலியில் நாம் ஒரு வாசல் விட்டுவைத்தோம் என்று சொல்லலாம். 2008இல் மருந்தியலில் ஆறாண்டுப் படிப்பு தொடங்கப்பட்டது. அதன் கடைசி ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. 2015இல் வந்த மருந்தியல் தொழில் விதிமுறைகள், சீட்டைப் பெற்ற மருந்தாளுநர் நோயாளியின் பதிவேட்டைப் பார்த்தபின் தாமே பேச்சைத் தொடங்கி, மருந்தின் பெயர், உண்ணும் முறை, தீங்குகள், பிற மருந்தோடு மோதுமா என்பவற்றை எடுத்துரைக்க வேண்டும் என்றன. பார்ப்பதற்குப் பதிவேடு ஒன்று இருக்கவேண்டுமே என்பதுதான் கடினம்.

அண்மையில் மருந்துக் கடையொன்றில் காத்து நின்றேன். எனக்கு முன்னால் நின்ற முதியவர் மூன்று சீட்டுகளை நீட்டினார். உள்ளிருந்த இளைஞர் மருந்தை எடுக்கத் திரும்பியவர், நின்று, மூன்று சீட்டுகளையும் அருகருகே மேசைமேல் வைத்துப் பார்த்தார்.

"ஐயா, இந்த இரண்டும் ஒரே மருந்துதான், கம்பெனிப் பெயர்தான் வேறு. இரண்டையுமா சாப்பிடுகிறீர்கள்?"

"ஆமாம் தம்பி, மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். ஏன், தலை சுற்றுவது அதனால்தானா?"

இளைஞர் பதில் சொல்லாமல் சீட்டிலிருந்த டாக்டரின் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்தார். எனக்குப் பின்னால் நின்றவர்கள், சீக்கிரம் ஆகட்டும் என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.